வீடு வரைக்கும் போகிறவர்

அந்தம்மாவை எல்லோரும் அட்டை என்பார்கள். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. ஆனாலும் அவருக்குத் தெரியும்.

"அட்டை வயித்துக்காக ஒட்டுது. நான் ஒட்டுறது வேற காரியத்துக்கு" என்பார்.

கோரிப்பாளையம் முக்கில் ஒரு மாடி. கீழே பாயின் சைக்கிள் கடை. மேலே ரத்தம் பார்க்கிற லேப். எழுபதுகளின் கடைசியில் நான் அங்கே வேலை பார்த்தேன். நர்சிங் ஹோம்களுக்குச் சைக்கிளில் போய் ரத்தக் குப்பிகளை வாங்கி வருவேன். சாயங்காலம் ரிப்போர்ட்டைக் கொண்டு போய்க் கொடுப்பேன். அவ்வளவுதான் வேலை. படித்தது ஆறாவது. அந்தம்மா என்னைவிட எட்டு வயது இளையவர். அண்ணே என்று கூப்பிடுவார். நான் அம்மா என்பேன். லேப்பை நடத்தியது அவர்தான். முதலாளி கையெழுத்துப் போட மட்டும் வருவார்.

பரவையிலிருந்து டவுன் பஸ்ஸில் வருவார். எட்டரைக்கு வந்துவிடுவார். ஒருநாள் மட்டும் பதினோரு மணி ஆனது.

"என்னம்மா, பஸ்ஸு கெட்டுப்போச்சா?"

"இல்லண்ணே. ஒருத்தன் வீடு வரைக்கும் போயிட்டு வாரேன்."

பஸ்ஸில் எவனோ இடுப்பில் கிள்ளியிருக்கிறான். இவர் கத்தவில்லை. அவன் இறங்கின இடத்தில் இறங்கினார். பின்னாலேயே நடந்தார். அவன் வேகமாக நடந்தால் இவரும் வேகமாக நடந்தார். அவன் டீக்கடையில் நின்றால் எதிரே போய் நின்றார். ஒரு வார்த்தை பேசவில்லை. வேறு வழி இல்லாமல் அவன் வீட்டுக்குள் நுழைந்தான். இவரும் நுழைந்தார். அவனுடைய அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாளாம்.

"குடிக்கத் தண்ணி கேட்டேன். குடுத்துச்சு. குடிச்சிட்டு, ஒங்க மகன் பஸ்ஸுல என்ன செஞ்சான்னு கேளுங்கன்னேன். அவனே சொன்னான்."

"அவனேவா?"

"பின்ன? நான் சொன்னா பொய்யிம்பான். அவன் வாயால வரணும்."

"பஸ்ஸுலயே கத்தியிருக்கலாமேம்மா."

"கத்துனா நாலு பேரு ரெண்டு தட்டுத் தட்டுவாய்ங்க. எறங்கிப் போயிருவான். நாளைக்கு வேற பஸ்ஸு."

பாய் இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம் என்னிடம் தனியாகச் சொன்னார். "ஏப்பா, அந்தம்மாட்ட மட்டும் தப்புப் பண்ணிராத. அல்லா மன்னிச்சாலும் அது மன்னிக்காது."

அந்தம்மாவின் இடது முன்கையில் ஐந்து தழும்புகள் இருந்தன. வரிசையாக, சின்னச் சதுரமாக, ஒவ்வொன்றும் கட்டைவிரல் நகம் அளவு. முதலில் சூடு போட்டது என்று நினைத்தேன். ஒருநாள் கேட்டுவிட்டேன்.

முன்னால் வேறு ஊரில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்தாராம். அங்கே ஒரு சார். காயம் பட்டால் ரத்தத்திலிருந்து வெள்ளை அணு எப்படி வெளியே வருகிறது என்று பார்க்கிற வேலை. கையில் மேல்தோலை மட்டும் பிளேடால் சுரண்டுவார்கள். ரத்தம் ஓடக் கூடாது, பொட்டுப் பொட்டாகத் தெரிந்தால் போதும். அதன் மேல் மெல்லிய கண்ணாடிச் சில்லை வைத்துக் கட்டிவிடுவார்கள். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை சில்லை மாற்றுவார்கள். எடுத்த சில்லுக்குச் சாயம் போட்டுப் பார்ப்பார்கள். முதல் சில்லில் நாலைந்து அணு இருக்கும். அடுத்ததில் கூட்டம். அதற்கடுத்ததில் இடமே இருக்காது.

"யாரும்மா அதுகளை வரச் சொல்றது?"

"நான் சொல்லல. என் கைத் தோலு சொல்லுச்சு. அடிபட்ட எடம் ஒரு சமாச்சாரத்தக் கக்கும்ணே. வாசம் மாதிரின்னு வச்சுக்கங்க. அதுகளுக்குக் கண்ணு கெடையாது, காது கெடையாது. வாசம் எந்தப் பக்கம் கூடுதோ அந்தப் பக்கம் ஒரு எட்டு வைக்கும். திரும்பப் பாக்கும். இன்னொரு எட்டு."

கை கொடுக்க வேறு ஆள் வரவில்லை. அந்தம்மாவே ஐந்து தடவையும் கை கொடுத்தார். சார் கட்டுரை எழுதினார். அதில் ஐந்து பேரின் கையில் சோதனை செய்ததாகப் போட்டுவிட்டார். இவருக்கு அது தெரிய எட்டு மாசம் ஆனது. தெரிந்ததும் பெரிய கூட்டம் ஒன்று வருகிற வரைக்கும் காத்திருந்தார். சார் மேடையில் பேசி முடித்து, கேள்வி உண்டா என்று கேட்டபோது எழுந்து நின்று இடது கையை நீட்டிக் காட்டினார்.

"அந்த அஞ்சு பேரும் இந்தா இருக்கோம் சார்."

வேலை போய்விட்டது. அப்படித்தான் கோரிப்பாளையம் வந்தார். சாரும் அதற்கப்புறம் மேடை ஏறவில்லையாம். இதைச் சொல்லும்போது அவர் சிரித்தார். நான் பார்த்த ஒரே சிரிப்பு அது.

எனக்கு ஒரு தங்கச்சி. வாடிப்பட்டிப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தோம். தலைப்பிரசவத்துக்கு வைகைக்கு வடக்கே ஒரு நர்சிங் ஹோமில் சேர்த்தோம். பேர் வேண்டாம். ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பெண் குழந்தை. வீட்டுக்கு வந்து பத்தாம் நாள் காய்ச்சல். திரும்ப அங்கேயே சேர்த்தோம்.

"பால் கட்டுன காய்ச்சல். ஊசி போட்டா விட்டுரும்" என்றார் டாக்டர்.

ரத்தம் எடுத்து எங்கள் லேப்புக்குத்தான் அனுப்பினார்கள். குப்பியில் பேர் எழுத மாட்டார்கள். கட்டில் நம்பர்தான் எழுதுவார்கள். ஏழாம் கட்டில். திங்கட்கிழமை ஒன்று, புதன்கிழமை ஒன்று, வெள்ளிக்கிழமை ஒன்று. மூன்றையும் நான்தான் கொண்டுவந்தேன். என் தங்கச்சி என்று லேப்பில் சொல்லவில்லை. வேலை பார்க்கிற இடத்தில் வீட்டுக்கதை பேசுகிற பழக்கம் எனக்கு இல்லை.

ரிப்போர்ட்டைக் கவரில் போட்டு ஒட்டித்தான் கொடுப்பார்கள். நோயாளியோ வீட்டு ஆளோ பார்க்கக் கூடாது, டாக்டர்தான் பிரிக்க வேண்டும். நோயாளி நம்பரைப் பார்த்தால் பயந்து கேள்வி கேட்பான், டாக்டருக்குக் கோபம் வரும், அப்புறம் ரத்தம் வேறு லேப்புக்குப் போய்விடும். முதலாளி என்னைச் சேர்க்கும்போது சொன்ன ஒரே விஷயம் இதுதான். ஒட்டின கவர் ஒட்டினபடி போகணும்.

ஒட்டினபடி கொண்டுபோனேன். மூன்று தடவை.

வெள்ளிக்கிழமை வெறும் பையோடு திரும்பி வந்தேன். அந்தம்மா மைக்ராஸ்கோப்பில் இருந்தார். பக்கத்தில் ஐந்து கிண்ணம். ஒரு கண் குழாயில், ஒரு கையில் புளியங்கொட்டை. வெள்ளை அணுவில் ஐந்து வகை. எந்த வகை தெரிகிறதோ அந்தக் கிண்ணத்தில் ஒரு கொட்டை. நூறு கொட்டை தீர்ந்தால் எண்ணிக்கை முடிந்தது. தலையைத் தூக்காமலே கேட்டார்.

"ஏழாம் கட்டிலுக்கு டாக்டர் என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லலம்மா. வாங்கி டிராயர்ல போட்டாரு."

"பிரிச்சுப் பாக்கலயா?"

"இல்ல."

"முந்தி குடுத்த ரெண்டு?"

"அதுவும் அதே டிராயர்லதான் கெடந்துச்சு."

"பிரிச்சா, பிரிக்காமயா?"

"பிரிக்காம."

கையில் இருந்த கொட்டைகளைக் கீழே வைத்தார்.

"என்னைக்குப் பாத்தீக?"

"புதன்கெழமையே பாத்தேன்."

"யாருண்ணே அந்த ஏழாம் கட்டிலு?"

"என் தங்கச்சி."

அவர் என்னைத் திட்டவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். ஏழாம் கட்டில் ரத்தம் தடவின கண்ணாடியை மாட்டி, என் முகத்தைக் குழாயில் வைத்துப் பிடித்தார். ஊதாக் கலரில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது.

"இம்புட்டு இருக்கக் கூடாதுண்ணே. மூணு தடவையும் ஏறிக்கிட்டே போகுது. இதுல பாருங்க, பாதி எளசு. எலும்புக்குள்ள வளந்துக்கிட்டு இருந்த மீச மொளைக்காத பயலுகளையும் ஒடம்பு அனுப்பிருச்சு. பெரிய ஆளு பத்தாமப் போனாத்தான் அப்பிடி அனுப்பும்."

எனக்குப் புரியவில்லை. ஜன்னலுக்குக் கூட்டிப்போனார். கீழே முக்கில் பஸ்கள் திரும்பிக்கொண்டிருந்தன. அங்கே நிறுத்தம் கிடையாது. ஆனாலும் வேகம் குறைகிறபோது ஆட்கள் குதிப்பார்கள்.

"அந்தா ஒருத்தன் எறங்குறான் பாருங்க. கம்பியப் பிடிச்சுக்கிட்டுக் காலைத் தரையில தேச்சுக்கிட்டே பத்தடி ஓடுறான். அப்புறம் நிக்கிறான். ரத்தத்துல போறதும் இப்பிடித்தான். சும்மா இருந்தா வேகமாப் போயிரும். உள்ள எங்கயாச்சும் புண்ணு இருந்தா, அந்த எடத்துக்குப் பக்கத்துல ரத்தக்கொழா உள்சொவரு பிசுபிசுன்னு ஆயிரும். உருண்டு, தேஞ்சு, ஒட்டி நின்னுக்கிரும். அப்புறம் சொவத்துல ரெண்டு செங்கலுக்கு நடுவுல இருக்கிற சந்துல ஒடம்ப ஒடுக்கிக்கிட்டு வெளிய போகும். அங்கருந்து வாசம். மொத வந்தவனும் வாசத்தக் கக்குவான், அடுத்தவன் வர. வந்தவன் வாரவனைக் கூப்பிடுவான்."

"அதுதான் ஊசி போடுறாகளேம்மா."

"அதத்தான் சொல்ல வாரேன். கிருமி மட்டுமுன்னா ஊசிக்குச் சாகும். செத்தா கூப்பிடுறது நிக்கும், கூட்டம் கலையும். இங்க கலையல. ஊசி போகாத எடத்துல ஒக்காந்துக்கிட்டு ஏதோ ஒண்ணு ஓயாமக் கூப்பிடுது. ஆபரேஷன் பண்ணுன வயிறு. எனக்கு சந்தேகமா இருக்கு."

"இம்புட்டுப் பேரு வாராய்ங்கன்னா நல்லதுதானம்மா?"

"நல்லதுதான். ஆனா அவய்ங்களுக்கு நல்ல சதை எது, கெட்ட சதை எதுன்னு தெரியாது. கையில இருக்கிற ஆசிட்ட எறிஞ்சுபுட்டு அங்கயே சாவாய்ங்க. சீழுன்னா என்னன்னு நெனச்சீக? சண்டைக்கு வந்து செத்தவய்ங்கதான். ரொம்ப நாள் ஆனா வந்த எடத்தையே அரிச்சிரும்."

அவரே புது ரிப்போர்ட் எழுதினார். ஒட்டாமல் என் கையில் கொடுத்தார். மறுநாள் காலையில் தங்கச்சியை வேறு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே ரிப்போர்ட்டைப் பார்த்த உடனே வயிற்றைத் திறந்தார்கள். உள்ளே ரத்தம் ஒற்றுகிற துணி ஒன்று இருந்தது. கைக்குட்டை அகலம், நாலாக மடிந்து, சீழில் ஊறி. எடுத்துவிட்டார்கள். உடம்பெல்லாம் பரவிவிட்டது என்றார்கள். திங்கட்கிழமை வந்திருந்தால் என்று அந்த டாக்டர் ஆரம்பித்தார். முடிக்கவில்லை.

ஆறாம் நாள் போய்விட்டாள். பிள்ளைக்கு அப்போது ஒரு மாசம்கூட ஆகவில்லை.

கேஸ் போடு என்றார்கள். போலீஸில் துணி எங்கே என்று கேட்டார்கள். துணி அன்றைக்கே குப்பைக்குப் போயிருந்தது.

நர்சிங் ஹோம் டாக்டர் இன்று இருக்கிறாரா தெரியாது. இருந்தால் இதை வாசிக்கட்டும். நான் அவருக்குச் சாபம் கொடுக்கவில்லை. சாபம் கொடுத்தால் ஆறிவிடும். எனக்கு ஆறவும் வேண்டாம்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து நான் வேலைக்கு வந்தேன். அந்தம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அவரை என்ன செய்யணும்கிறீக?"

"வெட்டணும்."

"வெட்டுனா அவரு செத்துருவாரு. ஒங்களுக்குத்தான் செயிலு. வேணாம். அந்த மூணு கவரையும் அவரு கையால பிரிச்சு, நம்ம ரெண்டு பேரு முன்னால வாய்விட்டு வாசிக்கணும். அது போதும். அதுக்கப்புறம் அவரு தூங்க மாட்டாரு. சாகுற வரைக்கும் தூங்க மாட்டாரு."

அன்று சாயங்காலமே நர்சிங் ஹோமுக்குப் போனார். நோயாளி மாதிரி டோக்கன் வாங்கினார். பெஞ்சில் உட்கார்ந்தார். முறை வந்தது. உள்ளே போனார். "ஏழாம் கட்டிலோட மூணு கவர் ஒங்க டிராயர்ல இருக்கு சார். பிரிச்சு வாசிங்க" என்றார். வெளியே போ என்றார் டாக்டர். வந்துவிட்டார். மறுநாளும் டோக்கன் வாங்கினார். அதற்கு மறுநாளும்.

பெஞ்சில் பக்கத்தில் இருக்கிற பொம்பளைகள் கேட்பார்கள். "ஒடம்புக்கு என்னத்தா?"

"எனக்கு ஒண்ணுமில்ல. இங்க ஒரு பொண்ணு வயித்துல துணிய வச்சுத் தச்சுட்டாக. அந்த ரிப்போர்ட்ட வாசிக்கச் சொல்லி வாரேன்."

குரலை உயர்த்த மாட்டார். நல்லெண்ணெய் என்ன விலை என்பதுபோலச் சொல்வார். கேட்ட பொம்பளை டோக்கனை மேசையில் வைத்துவிட்டு எழுந்து போய்விடுவாள். போய் நாலு பேரிடம் சொல்வாள். பத்து நாளில் பெஞ்சு பாதி காலி. முதலாளி கூப்பிட்டுச் சத்தம் போட்டார். "வேலை வேணுமா வேணாமா?" இவர் சொன்னார்: "ஆறு மணி வரைக்கும் வேலை பாக்கிறேன் சார். அதுக்கப்புறம் நான் நோயாளி."

அங்கே ஒரு நர்ஸ் பெண் டோக்கன் கொடுக்கும். பதினைந்தாம் நாள் இவரைப் பார்த்ததும் அதுவே கேட்டதாம், "அக்கா, இன்னைக்கும் ஒண்ணாம் நம்பரா?" இருவருமாகச் சிரித்தார்களாம். டாக்டர் உள்ளேயிருந்து அதைக் கேட்டிருக்கிறார்.

பதினெட்டாம் நாள் டாக்டருக்குக் குரல் உடைந்துவிட்டது. வியாழக்கிழமை அது.

"ஒனக்கு என்னதாம்மா வேணும்?"

"வாசிங்க."

"சனிக்கிழமை வா. அந்த ஆளையும் கூட்டிட்டு வா. வாசிக்கிறேன்."

அந்தம்மா வந்து என்னிடம் சொன்னார். "சனிக்கெழமண்ணே. வெள்ளச் சட்டை போட்டுட்டு வாங்க."

சரி என்றேன்.

ஒன்றை நான் சொல்லவில்லை. முந்தின நாளே வாடிப்பட்டிக்கு ஆள் அனுப்பியிருந்தேன். தங்கச்சி புருஷனும் அவன் பங்காளிகளும் வெள்ளிக்கிழமை வருவதாக ஏற்பாடு. வியாழக்கிழமை ராத்திரி பஸ் இருந்தது. போய் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. வாசிக்கிறது மட்டும் எனக்குப் போதாது என்று இருந்தது. டாக்டர் கண்ணில் பயத்தைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏழு பேர் வருவதாகப் பேச்சு. முப்பது பேர் வந்தார்கள். அந்த முப்பதில் பாதிப் பேருக்கு என் தங்கச்சி முகம்கூடத் தெரியாது.

"மாப்ள, எந்த ரூமு?" என்று என்னைத்தான் கேட்டார்கள். நான் கையைக் காட்டினேன்.

பெஞ்சு உடைந்தது. மருந்து அலமாரி சாய்ந்தது. நர்ஸ் பெண் ஆபரேஷன் ரூம் கதவில் குறுக்கே நின்றது. "உள்ள பிள்ளத்தாச்சி இருக்கு, வராதீக அண்ணே, வராதீக" என்று கத்தியது. யார் தள்ளியது என்று தெரியாது. நானாகவும் இருக்கலாம். கண்ணாடிக் கதவோடு விழுந்தது. வலது கை நரம்பு அறுந்துபோனது. மூன்று விரல் அதற்கப்புறம் மடங்கவில்லை.

டாக்டர் பின்வாசல் வழியாகப் போய்விட்டார். அவர் மேல் ஒரு கீறல் இல்லை.

போலீஸ் வந்தது. என் தங்கச்சி புருஷனும் நாலு பேரும் உள்ளே போனார்கள். என்னையும் ரெண்டு நாள் வைத்திருந்தார்கள். அந்த ரெண்டு நாளில் ஊர் பேச்சே மாறிவிட்டது. பாவம் டாக்டர் என்றார்கள். காட்டுப் பயலுக என்று எங்களைச் சொன்னார்கள். டாக்டர் வேறு ஊரில் போய்ப் பெரிதாக வைத்துக்கொண்டார். சனிக்கிழமை வந்து போய்விட்டது. யாரும் எதையும் வாசிக்கவில்லை.

நான் வெளியே வந்து லேப்புக்குப் போனேன். அந்தம்மா பேசவில்லை. குப்பிகளை வாங்கி வைப்பார். கவரைக் கொடுப்பார். ஒரு வாரம் இப்படி. தினமும் மத்தியானம் அந்த நர்ஸ் பெண் இருந்த ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சோறு ஊட்டிவிட்டு வந்தார். எனக்கு அது பாய் சொல்லித்தான் தெரியும்.

எட்டாம் நாள் காலையில் மேசை மேல் மூன்று கவர் இருந்தது. ஒட்டினபடி.

"டிராயரு ஒடஞ்சு கீழ கொட்டிக் கெடந்துச்சாம். அந்தப் பொண்ணு கை அறுந்து கெடக்குறப்ப இடது கையால எடுத்து மடியில வச்சிருந்திருக்கு. எனக்காக."

கவர்களை என் பக்கம் தள்ளினார்.

"ஒக்காருங்கண்ணே. பிரிங்க."

"எனக்கு இங்கிலீசு வராதும்மா."

"நம்பரு வரும்ல? கீழ தமிழ்லயும் எழுதியிருக்கேன். டாக்டரு பாக்காட்டியும் நர்ஸாச்சும் பாக்கட்டும்னு."

"அம்மா, அவரு வாசிக்கணும்னு சொன்னீக..."

"அவரத்தான் தப்பிக்க விட்டுட்டீகளே. நீங்க வாசிங்க. புதன்கெழமையே பாத்தவரு நீங்க. பிரிக்காமக் கெடந்துச்சுன்னு பாத்துட்டு, இங்க வந்து என் மொகத்தப் பாத்துட்டு, சைக்கிள நிப்பாட்டிட்டு வீட்டுக்குப் போனவரு."

அவர் குரல் ஏறவில்லை. எனக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். கையைக் கட்டிக்கொண்டார். அவர் போகப் போவதில்லை என்று தெரிந்தது.

முதல் கவரைப் பிரித்தேன். பதினாலாயிரம் என்று இருந்தது. கீழே சிவப்பு மையில் எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டி வாசித்தேன். "கட்டில் ஏழு. அவசரம். வயிற்றைத் திரும்பப் பார்க்கவும்."

ரெண்டாவது பத்தொன்பதாயிரம். "கட்டில் ஏழு. ஊசிக்குக் கேட்கவில்லை. உள்ளே ஏதோ தங்கியிருக்கிறது. இன்றே பார்க்கவும்."

மூன்றாவதைப் பிரிக்கக் கை வரவில்லை. அவர் காத்திருந்தார். பிரித்தேன். நம்பரை வாசித்தேன். கீழே ரெண்டு வரி. "கட்டில் ஏழு. மூன்றாம் தடவை எழுதுகிறேன். அங்கே யாரும் இதை வாசிக்கவில்லையா?"

வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை.

"கேக்கலண்ணே" என்றார். "சத்தமா வாசிங்க."